சாரல் ஆறும் ஐப்பசி ஆறும்: சிற்றாறு போகும் வழி

ஆடி மாதம் குற்றாலம் பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை என்று செய்தி வரும். அதே வாரம் மானூர்ப் பக்கம் போனால் பெரிய குளத்துக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். இரண்டு இடத்துக்கும் இடையே நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டும் சிற்றாற்றை நம்பியிருக்கும் ஊர்கள்தான். அருவியில் அவ்வளவு தண்ணீர் கொட்டுகிறதே, அதெல்லாம் எங்கே போகிறது என்ற கேள்வி தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்தில் வருஷா வருஷம் கிளம்பும்.

மேலே இருப்பவர்கள் மறித்துக்கொண்டார்கள், கால்வாயை ஆக்கிரமித்துவிட்டார்கள், மணலை அள்ளிவிட்டார்கள் என்பவைதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த மூன்றும் இல்லாவிட்டாலும் ஆடியில் மானூர்க் குளம் நிறைந்திருக்காது. அந்த ஆறு அமைந்திருக்கும் விதம் அப்படி. வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரியும் சிற்றாறு, நடைமுறையில் இரண்டு வேறு மழைகளால் ஓடும் இரண்டு ஆறுகள்.

கோடும் பரப்பும்

முதலில் கோடு. குற்றால மலையில், திரிகூடமலை என்று தலபுராணம் சொல்லும் முகடுகளில் தொடங்கி, தேனருவி, செண்பகாதேவி அருவி, பேரருவி என்று படிப்படியாக இறங்கி, தென்காசி ஊரைத் தொட்டுக்கொண்டு கிழக்கே திரும்புகிறது சிற்றாறு. பாவூர், வீரகேரளம்புதூர், நெட்டூர் வட்டாரங்களைக் கடந்து, கங்கைகொண்டானில் மதுரை நெடுஞ்சாலைக்கு அடியில் நுழைந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. மொத்த நீளம் சுமார் 80 கிலோமீட்டர். தஞ்சாவூர்க்காரர்கள் பார்த்தால் இதை வாய்க்கால் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள்.

பரப்பு வேறு கதை. தாமிரபரணியில் சேரும் துணையாறுகளிலேயே பெரிய நீர்ப்பிடிப்புப் பகுதி சிற்றாற்றுக்குத்தான். நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதைப் புரிந்துகொள்வது எளிது. ஓர் இடத்தில் விழும் மழைத்துளி ஆவியாகாமலும் மண்ணுக்குள் போகாமலும் சரிவைப் பிடித்து ஓடினால் கடைசியில் எந்த ஆற்றில் போய் விழும்? சிற்றாற்றில் என்றால் அந்த இடம் சிற்றாற்றுக்குச் சொந்தம். அப்படிப்பட்ட இடங்களையெல்லாம் வளைத்து ஒரு கோடு போட்டால் அதுதான் வடிநிலத்தின் எல்லை. மேற்கே இந்த எல்லை மலை முகட்டில் துல்லியமாக ஓடுகிறது. ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் விழும் மழை கல்லடையாற்றில் இறங்கி அஷ்டமுடிக் காயலுக்குப் போகும். இந்தப் பக்கம் விழுவது அரிகர நதியிலோ குண்டாற்றிலோ சேர்ந்து வங்கக்கடலுக்கு வரும். தெற்கே ஜம்புநதி, ராமநதி, கடனாநதி நிலம். அவையும் தாமிரபரணிக்கே போகின்றன, ஆனால் வேறு வழியாக. வடக்கே போகப்போக வைப்பாற்றின் நிலம் தொடங்கிவிடும். அந்த வடக்கு எல்லை மலை இல்லாத சமவெளியில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கரிசல் காட்டில் நின்றுகொண்டு இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் வைப்பாறு, இந்தப் பக்கம் சிற்றாறு என்று சொல்ல நல்ல மழை பெய்யும்போது அங்கே இருக்க வேண்டும்.

குற்றாலத்துக்கு மேலே முகடுகள் ஆயிரம் மீட்டரைத் தாண்டி நிற்கின்றன. தென்காசி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சீவலப்பேரி 50 மீட்டருக்கும் கீழே. ஆக, சில கிலோமீட்டர் தூரத்துக்குள் ஆயிரம் மீட்டர் இறங்கிவிடும் தண்ணீர், மீதி நூறு மீட்டரை இறங்க அறுபது எழுபது கிலோமீட்டர் எடுத்துக்கொள்கிறது. கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சரிவு. இந்தச் சரிவு பாசனத்துக்கு வாகானது: ஆற்றிலிருந்து ஒரு கால்வாயைச் சரிவு குறைவாக வெட்டிக்கொண்டு போனால், கொஞ்ச தூரத்திலேயே அது ஆற்றைவிட உயரமான நிலத்தில் ஓடும். இடைப்பட்ட நிலம் முழுக்கப் பாசன நிலம். இதைச் சொல்லித்தர இங்கே எஞ்சினியர் யாரும் வர வேண்டியிருக்கவில்லை.

மலையிலிருந்து வரும் ஐந்தாறு கைகள்

சிற்றாறு என்றதும் பேரருவிதான் ஞாபகம் வரும். ஆனால் பேரருவி கொண்டுவரும் தண்ணீர் ஒரு பங்குதான். ஐந்தருவியில் விழுவது ஐந்தருவியாறாக இறங்கிவந்து சேர்கிறது. பழைய குற்றாலத்தில் விழுவது அழுதகண்ணியாறு. ஆயிரப்பேரிப் பக்கத்து வயல்களுக்கு அதுதான் உயிர். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து அரிகர நதியும் குண்டாறும். இவையெல்லாம் தென்காசியைச் சுற்றிய பகுதியிலேயே ஒன்றுகூடிவிடுகின்றன.

அனுமன் நதி கொஞ்சம் தனி. அது மேக்கரையில் இறங்கி, பண்பொழி, ஆய்க்குடி வழியாகத் தன்போக்கில் கிழக்கே வந்து, கருப்பாநதித் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வீரகேரளம்புதூரில்தான் சிற்றாற்றைச் சந்திக்கிறது. ஆய்க்குடியில் வேண்டுதல் நிறைவேறியவர்கள் அனுமன் நதிப் படித்துறையில் பாயசத்தை ஊற்ற, பிள்ளைகள் படியிலிருந்தே வழித்துச் சாப்பிடும் படிப்பாயச வழக்கம் இன்றைக்கும் உண்டு. ஆற்றோடு ஓர் ஊருக்கு இருக்கும் உறவுக்கு இதைவிட நெருக்கமான சாட்சி தேட வேண்டாம்.

இந்தக் கைகளில் மூன்றின் மேல் அணைகள் இருக்கின்றன: குண்டாறு 36 அடி, கருப்பாநதி 72 அடி, மேக்கரையில் அடவிநயினார் 132 அடி. மாவட்டத்தில் மழைக்காலம் என்றால் தினமும் காலையில் இந்த எண்களோடு ஒப்பிட்டு நீர்மட்டம் சொல்வார்கள். உயரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. செங்குத்தான பள்ளத்தாக்கில் கட்டிய அணை உயரமாக இருந்தாலும் பிடிக்கும் தண்ணீர் கொஞ்சம்தான். குண்டாறு ஒரு நல்ல மழைக்கே நிரம்பி வழியும். சிற்றாற்றின் மேலோ, ஐந்தருவியாறு, அழுதகண்ணியாற்றின் மேலோ நீர்த்தேக்கம் கிடையாது. குற்றால மலையில் பெய்வது அப்படியே இறங்கிவிடும்.

அணைகள் காலம் கடந்து வந்ததற்கு ஓர் அரசியல் பின்னணியும் சொல்லலாம். செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அன்றைக்குத்தான் அதன் கிழக்குப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதாவது அரிகர நதி, குண்டாறு, அனுமன் நதி மூன்றும் பிறக்கும் இடம் ஓர் அரசிடமும், பாயும் இடம் இன்னோர் அரசிடமும் இருந்தன. மூன்று அணைகளும் அதற்குப் பிறகு கட்டப்பட்டவை.

ஏன் இரண்டு ஆறுகள்

ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கும். பொதுவாக மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே இருக்கும் ஊர்களுக்கு அந்த மழை கிடையாது. காற்று மட்டும் வரும். ஆனால் செங்கோட்டைப் பக்கம் மலை தாழ்ந்து ஒரு கணவாய் இருக்கிறது. ஆரியங்காவு வழியாக ரயில் போகும் அதே இடைவெளியில் மேகமும் வருகிறது. முகட்டில் பெய்த மிச்சம் தென்காசி வரை தூறலாகச் சிதறும். இதுதான் சாரல். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் பொடித்துளி விழும், ஐந்து நிமிஷத்தில் நின்றுவிடும், சட்டை காய்வதற்குள் மறுபடி வரும். இதனால் ஆறு நிறையாது. ஆற்றை நிறைப்பது மேலே முகட்டில் பெய்யும் கனமழைதான். சாரல் அந்த மழையின் ஓரம்.

அந்த ஓரம் எங்கே முடிகிறது என்பது காற்றாலைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். தென்காசிக்குக் கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் வட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள். கணவாயில் புகுந்த காற்று ஈரத்தை மலையடிவாரத்தில் உதிர்த்துவிட்டு, வெறும் வேகத்தோடு இங்கே வருகிறது. சுந்தரபாண்டியபுரத்தில் இதே மாதங்களில்தான் சூரியகாந்தி பூக்கும். படம் எடுக்கக் கூட்டம் கூடும். இன்னும் கிழக்கே மானூர், கங்கைகொண்டான் பக்கம் புழுதிக் காற்றுதான். அந்தக் காற்று குளத்தில் கிடக்கும் கொஞ்சத் தண்ணீரையும் விட்டுவைக்காது. கோடைக் காற்றில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானால்கூட மாதத்துக்கு அரை அடி போய்விடும். நம் குளங்கள் ஆழம் குறைந்து அகலம் விரிந்தவை என்பதால் அரை அடி என்பது பெரிய இழப்பு.

ஐப்பசி பிறந்ததும் காட்சி மாறும். வடகிழக்குப் பருவமழை வங்கக்கடல் பக்கமிருந்து வருகிறது. இது மலைக்கு மட்டுமான மழை இல்லை. சமவெளி முழுக்கப் பெய்யும். ஆடியில் ஒரு துளி வராத வடக்குக் கரிசல் காட்டு ஓடைகளும், கீழ்ப்பகுதியில் வந்து சேரும் உப்போடையும் இந்த மாதங்களில்தான் ஓடும். கரிசல் மண் முதல் இரண்டு மழையைத் தானே குடித்துவிடும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்த மண் ஊறி, வெடிப்பு மூடிய பிறகுதான் தண்ணீர் மேலே ஓடத் தொடங்கும். மூடிவிட்டாலோ உள்ளே இறங்க இடமில்லை, பெய்வதெல்லாம் ஓடையில். அதனால்தான் கீழ்ச் சிற்றாறு ஒரு வாரம் சும்மா கிடந்துவிட்டு ஒரே ராத்திரியில் கரைபுரளும்.

ஆக, வீரகேரளம்புதூருக்கு மேற்கே இருப்பது சாரல் ஆறு. அதற்குக் கிழக்கே இருப்பது ஐப்பசி ஆறு. மேற்கே இரண்டு மழையும் உண்டு, கிழக்கே ஒன்றுதான். விவசாயமும் அப்படியே பிரிகிறது. ஆனியில் நட்டு புரட்டாசியில் அறுக்கும் கார், ஐப்பசியில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுக்கும் பிசானம் என்று இரண்டு போகம் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் நடக்கும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அம்பை 16 போன்ற குறுகிய கால ரகங்கள் காருக்கு வசதியாக அமைந்தன. கீழே வர வர கார் குறைந்து, பிசானம் ஒன்றே போகம் என்றாகும். அதற்கும் அப்பால் மானாவாரிதான். இந்த வரிசை தாலுகா அலுவலக ஏற்பாடு இல்லை, மழையின் ஏற்பாடு.

ஊத்துமலை ஜமீனை ஓர் உதாரணமாகச் சொல்லலாம். பெயர் ஊத்துமலை ஜமீன். அரண்மனை இருந்ததோ வீரகேரளம்புதூரில், இரண்டு ஆறுகள் கூடும் கரையில். ஊத்துமலை வட்டாரம் வறண்ட பூமி. சுரண்டை இரட்டைக்குளத்திலிருந்து ஊத்துமலைக்குக் கால்வாய் வேண்டும் என்று அந்தப் பகுதி விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜமீன்தார்கள் கால்வாய்க்குக் காத்திராமல் தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் குடி போய்விட்டார்கள்.

அணைக்கட்டு செய்யும் கணக்கு

சரி, அப்படியானால் ஆடியில் அருவியில் கொட்டியது எங்கே போகிறது? பதில் ஆற்றின் குறுக்கே கிடக்கிறது. சிற்றாற்றில் முதல் அணைக்கட்டான தலையணையில் தொடங்கி சீவலப்பேரி வரை பதினைந்துக்கும் மேற்பட்ட அணைக்கட்டுகள். பாவூர், மாறாந்தை, நெட்டூர், கங்கைகொண்டான் என்று பெரும்பாலும் ஊர்ப் பெயராலேயே அழைப்பார்கள்.

அணை என்றதும் பெரிய மதகும் நீர்த்தேக்கமும் நினைக்க வேண்டாம். இது ஆளுயரம்கூட இல்லாத கல் கட்டு. ஆற்றின் குறுக்கே சாய்வாகக் கிடக்கும். தண்ணீரைச் சேமிப்பது இதன் வேலை இல்லை. ஆற்று மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஒரு கரையில் இருக்கும் கால்வாய் வாய்க்குள் தண்ணீரைத் தள்ளிவிட்டால் போதும். மிச்சம் கட்டின் மேல் வழிந்து அடுத்த அணைக்கட்டுக்குப் போகும்.

இந்த எளிய அமைப்பில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கால்வாயின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் அது இழுக்கும். ஆற்றில் தண்ணீர் குறைவாக ஓடும்போது, முதல் அணைக்கட்டு வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளும், அடுத்தது மிச்சத்தை எடுக்கும். நாலாவது ஐந்தாவது அணைக்கட்டுக்குப் பிறகு ஆறு மணலாகிவிடும். யாரும் திருடவில்லை, யாரும் மறிக்கவில்லை. வரும் தண்ணீரைவிட மேலே இருக்கும் வாய்கள் பெரியவை, அவ்வளவுதான். சாரல் காலத்து ஆறு பெரும்பாலான நாட்கள் இப்படித்தான். அருவியில் பார்க்கும்போது அது பெரிதாகத் தெரிவதற்கு உயரம் காரணம். அறுபது மீட்டர் உயரத்திலிருந்து, நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து எகிறி வருவதால் சத்தமும் அகலமும் கூடிவிடுகின்றன. அதே தண்ணீர் தென்காசி யானைப்பாலத்துக்கு வரும்போது சாதுவாக ஓடும்.

வெள்ளம் வந்தால் கணக்கு தலைகீழ். ஆற்றில் விநாடிக்கு ஆயிரக்கணக்கான கன அடி போகும்போது முதல் கால்வாயால் அதில் ஒரு சிறு பங்கைத்தான் இழுக்க முடியும். எல்லா அணைக்கட்டின் மேலும் தண்ணீர் வழியும். எல்லாக் கால்வாயும் நிறைந்து ஓடும். தலைமடை, கடைமடை வித்தியாசம் அந்த இரண்டு மூன்று நாட்களுக்கு இல்லாமல் போகும். மேலே இருப்பவர்களுக்கு வெள்ளம் தொல்லை. மானூருக்கோ வெள்ளம்தான் பாசனம்.

இதனால்தான் கீழ்க் கால்வாய்களைத் தூர்வாருவது மேல் கால்வாய்களைத் தூர்வாருவதைவிட அவசரமான வேலை என்று சொல்கிறேன். ஒரு கால்வாய் விநாடிக்கு 100 கன அடி எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 86.4 லட்சம் கன அடி வரும். வெள்ளம் மூன்று நாள் நீடித்தால் இரண்டரைக் கோடி கன அடிக்கு மேல். மண் மேவிக் கால்வாய் பாதியாகிவிட்டால் அதில் பாதிதான் வரும். தலையணைக் கால்வாயில் இப்படி நடந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட நாள் திறந்துவைத்துச் சரிக்கட்டலாம். கடைசியில் இருப்பவனுக்கு அடுத்த வாரம் கிடையாது; அடுத்த வருஷம்தான். சீமைக் கருவேலம் அடைத்த கால்வாய்க்கு ஐப்பசி வெள்ளம் வந்த பிறகு எந்திரம் அனுப்பிப் பயனில்லை.

கால்வாய் போய்ச் சேரும் இடம் வயல் இல்லை, குளம். அங்கிருந்துதான் வயல். இந்த வட்டாரத்தில் ஒரு குளம் நிறைந்தால், மிச்சத் தண்ணீர் மறுகால் என்ற வழிவாயில் விழுந்து அடுத்த குளத்துக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. மறுகாலை நின்று பார்க்க வேண்டும். கரையின் ஒரு முனையில் கல் தளம். அதன் மேல் வரிசையாக ஊன்றிய குத்துக்கற்கள், இடையிடையே ஒரு முழம் இடைவெளி. பருவம் முடியும் தறுவாயில், இனி பெரிய மழை இல்லை என்று தெரிந்த பிறகு, அந்த இடைவெளிகளைப் பலகையும் மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்தால் குளத்தில் இன்னும் ஒன்றிரண்டு அடி கூடுதலாக நிற்கும். அவசரப்பட்டு முன்னாலேயே அடைத்துவிட்டு, அன்றிரவு கனமழை வந்தால் கரை உடையும். எப்போது அடைப்பது என்பதில்தான் மேல்குளத்துக்காரருக்கும் கீழ்க்குளத்துக்காரருக்கும் தகராறு. அடைத்த நாளிலிருந்து கீழே தண்ணீர் போகாதே! முன்பு ஊருக்கு ஊர் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்ப்பாய்ச்சி இருந்து, அவர் சொல்லுக்கு மதிப்பும் அறுவடையில் பங்கும் இருந்தது. இன்றைக்குப் பல ஊர்களில் அந்த ஆள் இல்லை. தகராறு மட்டும் இருக்கிறது.

மானூரைப் பற்றி இந்த இடத்தில் ஒரு செய்தி. கி.பி. 800-ஐ ஒட்டிய காலத்தில், பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில், ஊர்ச் சபையில் யார் உட்காரலாம் என்று விதி வகுத்துக் கல்லில் வெட்டிவைத்த ஊர் அது. நிலமும் படிப்பும் வேண்டும் என்பது ஒரு விதி. எதைச் சொன்னாலும் ‘கூடாது’ என்று குறுக்கே நிற்பவருக்கு ஐந்து காசு அபராதம் என்பது இன்னொன்று. கல்வெட்டு குளத்தைப் பற்றியது இல்லைதான். ஆனாலும் கடைமடை ஊர்க்காரர்களின் கூட்டம் எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்க அது போதும்.

மண், மணல், காடு

இந்த வடிநிலத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் கடினப் பாறை. ஆழத்தில் பெரிய நீர்த்தேக்கம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். கீழப்பாவூர், ஆலங்குளம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களின் கிணறுகள், பக்கத்துக் குளம் நிறைந்தால் ஊறும், வற்றினால் வற்றும். குளம் என்பது பாசனத் தொட்டி மட்டும் இல்லை. கிணற்றுக்குத் தண்ணீர் ஊட்டும் இடமும் அதுதான். ஒரு குளத்தைப் பேருந்து நிலையமாக்கினால் அதன் ஆயக்கட்டு, அதாவது அதை நம்பிய பாசன நிலம், போய்விட்டதே என்று மட்டும்தான் கணக்குப் போடுகிறார்கள். சுற்றியிருக்கும் கிணறுகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சமவெளிச் சிற்றாற்றில் பாறை அடுக்கு தவிர இன்னொரு தேக்கம் உண்டு: ஆற்று மணல். மேலே காய்ந்து கிடக்கும்போதும் மணலுக்கு உள்ளே தண்ணீர் நகர்ந்துகொண்டிருக்கும். கரையோர ஊர்களின் உறைகிணறுகள் அதை நம்பித்தான் போடப்பட்டன. மணலை அள்ளினால் இந்தத் தேக்கம் போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதிகம் பேசப்படாத இன்னொரு விளைவு இருக்கிறது. ஆற்றின் படுகை இரண்டு அடி இறங்கினால், அணைக்கட்டும் கால்வாய் வாயும் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆறு மட்டும் தாழ்ந்துவிடும். இருபுறமும் இப்படிக் குழிந்த இடத்தில் பழைய கல் கட்டின் அடிவாரம் அரித்துக்கொண்டு போகும். கல்லணைக் காலத்திலிருந்து நம் கட்டுமானங்கள் மணல் மேல் நிற்பவை; மணல் இருக்கும் வரைதான் அவை நிற்கும்.

மலைப் பக்கம் காடு இன்னும் இருக்கிறது என்பது இந்த ஆற்றின் பெரிய அதிர்ஷ்டம். குற்றாலம், கடையநல்லூர் மலைக்காடுகள் 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகின்றன. சருகும் வேரும் நிறைந்த மண் மழையை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். மழை நின்று பல நாள் கழித்தும் செண்பகாதேவியில் தண்ணீர் விழுவது அதனால்தான். ஆனால் மண் அந்த மலையில் கனமாக இல்லை. ஓர் எல்லைக்கு மேல் அதனால் பிடிக்க முடியாது.

அந்த எல்லையைத் தாண்டினால் நடப்பதை 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் பார்த்தோம். கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று வெள்ளம் வந்தது. பள்ளி மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே பெரிய மழை இல்லையே, இவ்வளவு தண்ணீர் எப்படி என்று பலர் கேட்டார்கள். சின்னக் கணக்குதான். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு கோடி லிட்டர். மலையில் பத்துச் சதுர கிலோமீட்டர் பரப்பில் ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் 50 கோடி லிட்டர். அதில் பாதி ஒரு மணி நேரத்தில் இறங்கினால் விநாடிக்குச் சுமார் 2,400 கன அடி. அது ஒரே வாய் வழியாக வருகிறது. மேலே பெய்வது கீழே நிற்பவருக்குத் தெரியாது. செங்குத்துச் சரிவில் தண்ணீர் வந்து சேர நிமிடங்கள் போதும். அருவிக்கரையில் கம்பி கட்டுவதைவிட மலை மேல் மழைமானி வைத்து, அளவு தாண்டியதும் கீழே ஒலி எழுப்புவதுதான் இதற்கு உருப்படியான வழி.

சீவலப்பேரி

கங்கைகொண்டானைத் தாண்டியதும் ஆற்றுக்கு அவசரம் குறைந்துவிடும். ஒரு கரையில் கைலாசநாதர் கோயில், கொஞ்சம் தள்ளி சிப்காட் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் 2013-இல் அறிவித்த புள்ளிமான் சரணாலயம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத அண்டை வீட்டுக்காரர்கள். அங்கிருந்து தெற்கே இறங்கிச் சீவலப்பேரியில் தாமிரபரணியின் இடக்கரையில் சேர்கிறது. பள்ளு இலக்கியத்தில் வரும் முக்கூடல் இந்த இடம்தான். பாப்பாக்குடிப் பக்கத்தில் இன்றைக்கு முக்கூடல் என்று இருக்கும் ஊர் வேறு.

சேரும் இடம் தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில் இருப்பது ஒரு முக்கியமான விஷயம். பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் வெகு தூரம் மேற்கே இருக்கின்றன. அவற்றின் மதகை மூடினாலும் சிற்றாற்றில் வரும் வெள்ளம் குறையாது. தாமிரபரணி ஏற்கெனவே நிறைந்து ஓடினால் சிற்றாற்றுத் தண்ணீர் உள்ளே நுழைய முடியாமல் பின்வாங்கி, சேருமிடத்துக்கு மேலே இருக்கும் தாழ்வான வயல்களில் ஏறி நிற்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மலையில் மட்டுமல்லாமல் சமவெளியிலும் பேய்மழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். சமவெளியில் பெய்வதைப் பிடித்து வைக்க அணை எதுவும் கிடையாது. குளங்கள்தான் இருக்கின்றன, அவையும் அந்த மாதம் நிறைந்தே இருக்கும். சீவலப்பேரிக்குக் கீழே தாமிரபரணியில் இரண்டு அணைக்கட்டுகள் மிச்சம்: மருதூர், ஸ்ரீவைகுண்டம். தூத்துக்குடி மாவட்டத்து நஞ்சை பெரும்பாலும் இவற்றை நம்பியது. பாபநாசத்தில் எத்தனை அடி என்று மட்டும் பார்த்துவிட்டு ஸ்ரீவைகுண்டத்தில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு வீரகேரளம்புதூரிலும் கங்கைகொண்டானிலும் சிற்றாறு எவ்வளவு ஓடுகிறது என்பதையும் கூட்டிப் பார்த்தால்தான் கணக்கு சரிவரும்.